சாரலில் காயாத பனி

மருத்துவக் காரணம் காட்டி ஒருவரைப் பணியிலிருந்து விடுவித்தால், அந்தக் காரணம் என்ன, அது எப்படி நேர்ந்தது என்று எழுதிய சான்றின் நகல் ஒன்றை அவர் வாசலைத் தாண்டும் முன்பே கையில் கொடுத்துவிட வேண்டும். விதி இதுதான். அதன் எண்ணையும் உட்பிரிவையும் என்னால் இப்போதே சொல்ல முடியும். கருவூலத்தில் ஓய்வூதியப் பிரிவிலேயே தலை நரைத்தவள் நான். ஆனால் இதைப் படிக்கும் உங்களுக்கும் என் வயதுதான் இருக்கும், இரத்த அழுத்தமும் இருக்கும். எண்கள் வேண்டாம்.

என் தாய்மாமா பட்டாளத்திலிருந்து தென்காசிக்குத் திரும்பி வந்தபோது அவரிடம் இருந்த தாளில், இரு கை விரல்களும் சேதம், பணிக்குத் தகுதியில்லை என்று மட்டும் தட்டச்சு செய்திருந்தது. எதனால் என்று எழுத வேண்டிய கட்டம் காலியாக இருந்தது. காலிக் கட்டம் ஒன்றைப் பார்த்தால் அதை நிரப்பாமல் ஊருக்குத் தூக்கம் வராது. ஊர் நிரப்பியது.

அந்த ஆண்டு ஆனி பிறந்ததுமே சாரல் பிடித்துக்கொண்டது. அப்பாவுக்குத் தொலைவில் ஓர் ஊருக்கு மாற்றல். அங்கே வீடு கிடைக்கும்வரை அம்மாவும் நானும் தென்காசியில் தாத்தா வீட்டில் இருந்தோம். எனக்கு எட்டு வயது. தாத்தா நெல் வியாபாரி, மனைவியை இழந்தவர். வீட்டில் அவரும், அம்மாவின் தங்கையான என் சித்தியும், நாங்களும். பிறகு மாமா வந்தார். அம்மாவுக்குத் தம்பி, சித்திக்கு அண்ணன், தாத்தாவுக்கு ஒரே மகன்.

வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் முழுதாக இருந்தன. மற்றவை பாதியில் நின்றுவிட்டன. இடது கையில் கட்டைவிரல் மட்டும். காதுமடல்கள் ஓரத்தில் கறுத்துச் சுருங்கியிருந்தன; மூக்கின் நுனியில் வெளிறிய தழும்பு. தாத்தா அவரை வாசலிலேயே நிறுத்திப் பார்த்தார்.

"என்னலே இது?"

"குளிருப்பா."

"குளிரா?"

"ஆமா. அங்கன உள்ள குளிரு."

தாத்தா அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதுதான் பிரச்சினை. நம்பாதவர் கேள்வி கேட்பார். முடிவு செய்துவிட்டவர் உள்ளே போய்விடுவார். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் விரல் மழுங்கி, காது சுருங்கி, மூக்கில் தழும்போடு ஒருவர் வந்தால், பார்த்தவர்களுக்கு ஒரே ஒரு நோய்தான் நினைவுக்கு வரும், தொழுநோய். அதைப் பெயர் சொல்லிக்கூடக் குறிப்பிட மாட்டார்கள். பெருவியாதி என்பார்கள், அதுவும் குரலைத் தாழ்த்தி.

சித்திக்கு ஆவணியில் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளை அச்சன்புதூர், வயலும் தோப்பும் உள்ள குடும்பம். எங்கள் வழக்கத்தில் பெண்ணுடன் பிறந்தவன்தான் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்து வர வேண்டும். கை என்றால் கைதான். தோளைத் தொடுவதோ துண்டு நுனியைப் பிடிப்பதோ கணக்கில் சேராது. மாமா பட்டாளத்துக்குப் போன நாளிலிருந்து சித்தி அதைச் சொல்லிக்கொண்டே இருந்தாளாம்: அண்ணன் உடுப்போடு வந்து, சபையில் மாப்பிள்ளையைக் கைபிடித்துக் கூட்டிவர வேண்டும். மாமாவுக்கும் அதே ஆசை. ஆஸ்பத்திரியில் இருந்தபோதே வலது கையின் இரண்டு விரல்களாலும் எதையும் இறுக்கிப் பிடிக்கப் பழகிக்கொண்டதாகச் சொன்னார். "மாப்பிள்ளை உதறினாலும் விட மாட்டேன்," என்றார்.

வந்த மறுவாரம் என்னையும் கூட்டிக்கொண்டு குற்றாலத்துக்குக் குளிக்கப் போனார். சீசன் உச்சத்தில் இருந்தது. எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் அருவிக் கரையில் வரிசையாக உட்கார்ந்து, போகிறவர்களைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மாமாவின் தோளைப் பிடித்து உட்காரவே வைத்துவிட்டார். மாமா சட்டைப் பொத்தானைக் கழற்றத் தொடங்கினார். அவர் மாமாவின் கையைப் பார்த்தார். பிறகு காதைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, எண்ணெய் தீந்துபோச்சு. அங்கன ஒருத்தன் இருக்கான், அவன்ட்ட போங்க."

எண்ணெய்க் கிண்ணம் அவர் முழங்காலருகில் ததும்பிக்கொண்டிருந்தது. அங்கே இருந்தவருக்கும் எண்ணெய் தீர்ந்துபோயிருந்தது. மாமா என்னைத் தூக்கிக்கொண்டு அருவிக்கு அடியில் போனார். சீசனில் பேரருவியில் தலை நனைக்க எவ்வளவு இடிபட வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். அன்று எங்களைச் சுற்றி ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு இடம் விழுந்தது. பட்டாளக்காரருக்குத் தரும் மரியாதை என்று நான் நினைத்தேன். வீட்டுக்கு வந்து அதைப் பெருமையாகச் சொன்னேன். தேங்காய் துருவிக்கொண்டிருந்த அம்மா கையை நிறுத்தினாள்.

"இனிமே இவள அவன்கூட எங்கயும் அனுப்பாதம்மா," என்றார் தாத்தா. மாமா அப்போது பக்கத்து அறையில் ஈரத் துண்டைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். கொடி ஆடுவது நின்றது. காதில் விழாதது போல் மறுபடி ஆடியது.

தாத்தாவுக்குக் காகிதத்தில் நம்பிக்கை உண்டு. எனக்கு அந்தக் குணம் அவரிடமிருந்துதான் வந்தது. மாமாவை ஊர் டாக்டரிடம் அழைத்துப் போனார். டாக்டர் கைகளைப் புரட்டிப் பார்த்தார். குளிரில் விரல் கருகிப் போவதைப் பாடத்தில் படித்திருப்பதாகவும், கண்ணால் கண்டதில்லையாதலால் எழுதித் தர முடியாது என்றும் சொன்னார். கண்டதை மட்டும் எழுதுவது நல்ல கொள்கை. அவர் கண்டதெல்லாம் மற்றதைத்தான் என்பது மாமாவின் துரதிர்ஷ்டம்.

"அந்த நோய்க்குன்னு இருக்க ஆஸ்பத்திரிக்கே போயி, இல்லைன்னு எழுதி வாங்கிட்டு வந்திருங்க," என்றார் டாக்டர். "அதுக்கு மேல யாரும் பேச முடியாது."

நடைமுறைப்படி இது முற்றிலும் சரி. நோய் இல்லை என்று சொல்லும் அதிகாரம் அந்த நோய்க்கான ஆஸ்பத்திரிக்குத்தான் உண்டு. மாமா பஸ் ஏறி, அந்த ஆஸ்பத்திரி வாசலில் இறங்கி, சோதனை செய்துகொண்டு, முத்திரை குத்திய சான்றோடு திரும்பினார். அவர் அங்கே இறங்கியதைக் கண்டக்டர் பார்த்தார். பஸ்ஸில் இருந்த தென்காசிக்காரர்கள் எல்லாரும் பார்த்தார்கள். சான்று வீட்டுக்கு வரும் முன்பே செய்தி வந்துவிட்டது.

எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருந்தார். தாத்தா சான்றை அவரிடம் காட்டினார். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் படித்தார்.

"நோய் இல்லைன்னுதான போட்டிருக்காவ அண்ணாச்சி. இருந்ததே இல்லைன்னு போடலையே. சொகமாயிட்டான்னு சந்தோசப்படுங்க."

என் பணிக்காலம் முழுவதிலும் இதைவிடக் கூர்மையான தணிக்கைக் குறிப்பை நான் கண்டதில்லை.

இனி ஒரே வழி, விரல் எதனால் போனது என்று பட்டாளமே எழுதித் தருவதுதான். மாமா தன் படைப்பிரிவின் ஆவண அலுவலகத்துக்கு விண்ணப்பம் அனுப்பினார். அன்றிலிருந்து தபால்காரர் வரும் நேரத்தில் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தார். தபால்காரர் முதலில் கையை விரித்துக் காட்டுவார். பிறகு தலையை மட்டும் ஆட்டினார். பிறகு எங்கள் வீட்டைத் தாண்டும்போது எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு போனார்.

அப்போதுதான் மாமா படம் வரையத் தொடங்கினார்.

பட்டாளத்தில் சேரும் முன்பு தென்காசியில் கடைப்பலகை எழுதுகிறவரிடம் மாமா கொஞ்ச காலம் வேலை பார்த்தவர். விரல்கள் போன பிறகு பட்டாள ஆஸ்பத்திரியில், மிச்சமிருந்தவற்றுக்குப் பயிற்சியாக எண்ணெய் வண்ணம் தீட்டச் சொல்லியிருக்கிறார்கள். அந்த மரப்பெட்டியை அவரிடமே கொடுத்து அனுப்பியும் விட்டார்கள். சான்று தர மறந்தவர்கள் பெட்டியைத் தர மறக்கவில்லை.

"சொன்னா ஒருத்தருக்கும் புரியலக்கா," என்றார் அம்மாவிடம். "காட்டிருதேன். மாப்பிள்ளை வீட்டாரு வரும்போது கூடத்துல மாட்டி வைப்போம். பாத்தா தெரியும்லா, அந்த எடத்துல நின்னவனுக்கு விரல் மிஞ்சுமான்னு."

ஆசாரியிடம் சொல்லி ஆளுயரத்தில் பாதிக்கு ஒரு சட்டம் அடித்து, காடாத் துணியை இழுத்துக் கட்டி, வஜ்ரப் பசை காய்ச்சித் தடவினார். வஜ்ரத்தின் நாற்றத்துக்குத் தாத்தா இரண்டு நாள் கடையிலேயே சாப்பிட்டார். அதன் பிறகு ஆளிவிதை எண்ணெயும் டர்பன்டைனும் வீட்டை நிறைத்தன. இன்றைக்கும் வண்ணம் அடிக்கும் வீட்டைக் கடந்தால் எனக்கு அந்தக் கூடம்தான். வெளியே சாரல் தூவிக்கொண்டே இருக்கும். சுவர் வியர்த்திருக்கும். ஓட்டுக் கண்ணாடி வழியே விழும் சாம்பல் வெளிச்சத்தில் மாமா சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பார். தூரிகையை அவர் இரண்டு விரல்களுக்கு நடுவே வைத்து, சித்தி தன் சடை ரிப்பனால் மணிக்கட்டோடு சேர்த்துக் கட்டுவாள். குழாய்களின் மூடி திறப்பதும் அவள்தான். எண்ணெய் இறுகிப்போன மூடிகளைப் பல்லால் கடித்துத் திருகுவாள்.

"வாயெல்லாம் பச்சையா இருக்குட்டி. மாப்பிள்ளை பாத்தா பயந்துருவாரு."

"பயந்தா நீதான் கையைப் பிடிச்சு வச்சிருப்பேல்லா. ஓடவா முடியும்?"

இருவரும் சிரித்ததை நான் கேட்டது அந்தக் கூடத்தில் மட்டும்தான்.

பனி என்றால் வெள்ளை என்று நினைத்திருந்தேன். மாமா துணியில் நீலத்தைப் பூசிக்கொண்டிருந்தார்.

"ஏன் மாமா நீலமாப் போடுதிய?"

"வெள்ளைய வெள்ளையாலயே போட்டா சுண்ணாம்பு அடிச்ச செவருட்டி. வெயிலு படுற எடம் லேசா மஞ்ச. படாத எடம் நீலம். சாயங்காலம் ரோஸு. வெறும் வெள்ளைன்னு அங்கன ஒண்ணும் கெடையாது."

"உப்பளம் மாதிரில்லா இருக்கு," என்றாள் சித்தி.

"உப்பளத்துல கூரை மேலயா உப்பு கெடக்கும்?"

நாளுக்கு நாள் அது ஊராயிற்று. மலைச்சரிவில் கல்வீடுகள், தட்டையான கூரைகளில் வைக்கோல் பொதி, அதன் மேல் கனத்த பனி. இலையில்லாத நெட்டை மரங்கள். கோவேறு கழுதைகள் நடந்த தடம், ஓரங்கள் நீலமாக. ஒரு வீட்டிலிருந்து மட்டும் புகை. கிட்டப் போனால் திட்டுத்திட்டாகத் தெரிவது, கூடத்தின் மறு மூலைக்குப் போய்ப் பார்த்தால் குளிர்ந்தது. மிகைப்படுத்தவில்லை. நான் தோளைக் குறுக்கிக்கொண்டது நினைவிருக்கிறது.

"ஊருல ஆளே இல்லையே மாமா."

"எல்லாரும் உள்ள இருக்காவ. வெளிய இருந்தது நாங்கதான்."

காவல் போன இடத்தில் புயல் பிடித்து, நனைந்த கையுறையோடு விடியும்வரை ஒரு பாறையடியில் நின்றார்களாம். விடிந்ததும் கண்ணில் பட்ட ஊர் இது. அதற்கு மேல் அவர் சொல்லவில்லை.

பனி வரைய எவ்வளவு வெள்ளை செலவாகும் என்று அந்தப் பெட்டியைச் செய்தவர்களுக்குத் தெரியவில்லை. பாதியிலேயே வெள்ளைக் குழாய் தீர்ந்தது. தென்காசிக் கடையில் கிடைத்தது மரத்துக்கு அடிக்கும் வெள்ளைதான். எண்ணெய் மிதக்கும் பூச்சு. மாமா வேறு வழியில்லாமல் அதை வாங்கி, கூரைகளையும் முன்புற வயல்களையும் அதனால் முடித்தார். அழகாகத்தான் இருந்தது. காயத்தான் மறுத்தது. சாரல் காலத்தில் எங்கள் வீட்டில் தீப்பெட்டிகூட நமத்துப்போகும். துவைத்த துணி நாலு நாளானாலும் மணம் மாறிக் கொடியில் கிடக்கும். எண்ணெய்ப் பூச்சு எப்படிக் காயும்? மாமா தினமும் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். மிச்ச விரல்களின் நுனியில் அவருக்கு உணர்ச்சி இல்லை. புறங்கையில் வெள்ளை ஒட்டியிருக்கும். வேட்டியில் துடைத்துக்கொண்டு, "நாளைக்குப் பாப்போம்," என்பார்.

ஆடிக் கடைசியில் அச்சன்புதூரிலிருந்து ஆள் வந்து, மறுநாள் மாப்பிள்ளையும் அவர் அப்பாவும் வருவதாகச் சொன்னார். சும்மா பார்த்துவிட்டுப் போகத்தானாம். சும்மா பார்க்க யாரும் ஆடியில் வர மாட்டார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும்.

"காயலையேக்கா," என்று மாமா அன்று மாலை அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "மாட்டும்போது யாரு கையாவது பட்டா அம்புட்டும் இழுகிரும்."

இரவுச் சமையல் முடிந்ததும் அம்மா படத்தைத் தூக்கிக்கொண்டு போய் அடுப்புக்கு மேலே இருந்த மூங்கில் பரணில் வைத்தாள். கருப்பட்டி, வற்றல், விதை நெல், ஈரம் ஆகாத எதுவும் எங்கள் வீட்டில் அந்தப் பரணில்தான் இருக்கும். சாரல் காலத்தில் சித்தியின் பாவாடைகூட அங்கேதான் காயும். படம் காய வேண்டும். காய வைக்கும் இடம் அதுதான். அம்மா அடுப்பில் கூடுதலாக இரண்டு விறகையும் வைத்தாள். விறகு ஈரம். விடியும்வரை புகைந்தது.

காலையில் இறக்கியபோது பனி இல்லை. கூரைகள் தேன்குழல் நிறத்துக்கு வந்திருந்தன. வயல்கள் பழுத்துச் சுருங்கி, மேலே கரி ஒட்டிக் கிடந்தன. நீலம் எங்கே போனதென்றே தெரியவில்லை. மாமா டர்பன்டைனில் துணியை நனைத்து ஓரமாகத் துடைத்துப் பார்த்தார். கரி கரைந்து இன்னும் அகலமாகப் பரவியது. துணியைக் கீழே வைத்துவிட்டார்.

"நீ காயலன்னு சொன்னியேப்பா," என்றாள் அம்மா. "எல்லாத்தையும் அங்கனதான காயப் போடுதோம்."

"அதுக்கு நீ என்னக்கா செய்வ." படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அங்கனயும் இப்படித்தான். விடிஞ்சதும் அந்த ஊருக்குள்ள எறங்கினோம். புகை வருது பாரு, அந்த வீடு. வீட்டம்மா எங்களப் பாத்து அழுதுட்டு, என் கை ரெண்டையும் பிடிச்சு நெருப்புக்கு நேரா வச்சா. நல்லாக் காட்டு, நல்லாக் காட்டுன்னு. மரத்த கையை நெருப்புல காட்டக் கூடாதாம். எனக்குச் சுடுறது தெரியல, அவளுக்கு என்ன தெரியும்? குளிரு மட்டும்னா ரெண்டு விரல்தான் போயிருக்கும்னாரு டாக்டர்."

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"நல்ல பொம்பளக்கா அவ. உப்புப் போட்ட டீ குடுத்தா."

படத்தை மாட்ட வேண்டாம் என்றாள் சித்தி. மாமா மாட்டினார். "வேற என்ன இருக்கு காட்ட?" என்றார்.

மாப்பிள்ளையின் அப்பா சிரித்த முகக்காரர். வில்லன்போல யாராவது வந்திருந்தால் இதைச் சொல்வது எனக்கும் எளிதாக இருந்திருக்கும். எனக்கு மிட்டாய் கொண்டுவந்திருந்தார். மாப்பிள்ளை அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவர் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு படத்துக்கு முன்னால் போய் நின்றார்.

"இது எந்த ஊரு தம்பி?"

"வடக்க ஐயா. எல்லைக்குப் பக்கத்துல."

"அப்படியா? அறுப்பு முடிஞ்சு தாளுக்குத் தீ வச்ச வயலு மாதிரில்லா இருக்கு. நம்ம பக்கம்னு நெனச்சேன்."

"அது பனி ஐயா. வெள்ளையா இருந்துச்சு. அடுப்புப் புகை பட்டுப்போச்சு."

"பனியில அடுப்புப் புகை பட்டுப்போச்சா?" அவர் கேலியாகக் கேட்கவில்லை. புரிந்துகொள்ளத்தான் கேட்டார். மாமா விளக்கினார். பரணையும், எண்ணெய்ப் பூச்சையும், பாறையையும், புயலையும், நனைந்த கையுறையையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சொன்னார். பேசப் பேசக் கைகள் தாமாக உயர்ந்து, எல்லாருடைய கண்ணுக்கும் நேராக வந்துவிட்டன. பெரியவர் பொறுமையாகக் கேட்டார்.

"குளிருல விரல் போவும்ங்கிய. சரி. ஐஸ் கம்பெனியில ஒருத்தன் தெனமும் பாளம் பாளமா ஐஸத் தூக்கி லாரியில அடுக்குதான். அவனுக்குப் பத்து விரலும் இருக்கே தம்பி."

சிரிப்பு எழுந்தது. நல்ல மனிதர்களின் சிரிப்புதான். தாத்தாவும் சிரித்தார். மாமா மற்ற யாரையும் பார்க்கவில்லை, தாத்தாவைத்தான் பார்த்தார். பிறகு கைகளை இறக்கி, துண்டுக்குள் வைத்துக்கொண்டார்.

பெரியவர் காப்பியை முடித்துவிட்டுத் தாத்தாவிடம் மெதுவாகச் சொன்னார்.

"கல்யாணத்த நிப்பாட்ட வரல அண்ணாச்சி. பிள்ளையை எங்களுக்குப் பிடிச்சிருக்கு. மாப்பிள்ளையக் கைபிடிச்சுக் கூட்டிட்டு வாரதுக்கு மட்டும் உங்க பங்காளி வீட்டுப் பையன் ஒருத்தன ஏற்பாடு பண்ணிருங்க. தம்பி அன்னைக்கு ஊருல இல்லாம இருந்தா நாலு பேரு பேச்சும் இருக்காது."

"அதுக்கென்ன," என்றார் தாத்தா.

அவர்கள் போனதும் சித்தி கூடத்துக்கு வந்தாள். "எங்கண்ணன் வராம நான் மணையில உக்கார மாட்டேன்."

"உக்காராட்டா உன்ன எவன் கட்டுவான்?" தாத்தா கத்தவில்லை. என்னைக் காட்டினார். "இது நின்னுபோச்சுன்னா ஏன் நின்னுச்சுன்னு ஊரு கேக்கும். நாளைக்கு இந்தா நிக்காளே, இவளுக்கும் அதே கேள்விதான் வரும்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் வாயில் அச்சன்புதூர் மிட்டாய் இருந்தது.

செங்கோட்டைக்கு அப்பால், மலையின் அந்தப் பக்கம், ரப்பர் தோட்டம் ஒன்றில் காவலாள் தேவை என்று மாமாவே கண்டுபிடித்தார். கிளம்பும் அன்று தபால்காரர் வரும்வரை காத்திருந்தார். அவர் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு போனார். சித்தி கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"ஒரு கையைப் பிடிக்கதுக்கா இம்புட்டு அழுகை?" என்றார் மாமா. "பதில் வந்தா தோட்டத்துக்கு அனுப்பி வைட்டி. கல்யாணத்துக்கு முந்தி வந்துட்டா ஒரு தந்தி குடு, மொத பஸ்ஸுக்கு வந்துருதேன்."

தந்தி போகவில்லை. ஆவணியில் மாப்பிள்ளையை மணவறைக்கு அழைத்து வந்தது தாத்தாவின் பங்காளி வீட்டுப் பையன். விரல் பத்தும் இருந்தன. விரலிடுக்கெல்லாம் சொறி. தொற்றக்கூடியது அதுதான் என்பது பெரியவர்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை. சித்தி தலையைக் குனிந்தே இருந்தாள். பார்த்தவர்கள் அடக்கமான பெண் என்றார்கள்.

படத்தை அம்மா எறிய விடவில்லை. எண்ணெய் ஊறிய துணியில் தண்ணீர் இறங்காது. அடுத்த சாரலுக்குப் புறவாசலில் விறகுக்கு மேல் போட்டு மூடியிருந்தார்கள். நான் விடுமுறைக்குப் போனபோது மழை கரியைக் கழுவி, ஒரு மூலையில் கழுதைத் தடத்தின் நீலம் திரும்பத் தெரிந்தது. அதற்கடுத்த முறை போனபோது விறகு மட்டும் இருந்தது. கேட்டதற்கு யாருக்கும் எந்தப் படம் என்றே நினைவில்லை.

மாமா தோட்டத்திலேயே இருந்தார். பொங்கலுக்கு வருவார், வந்த அன்றே திரும்புவார். அச்சன்புதூருக்கு ஒருமுறைகூடப் போனதில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மறுபடி வரைந்தாரா என்று தெரியாது. அவர் இறந்த செய்தி வந்தபோது நான் பணியில் இருந்தேன். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் தோட்டத்து ஆட்களே அடக்கம் செய்துவிட்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர், கைகளுக்கு என்ன ஆயிற்று என்று எங்களிடம் விசாரித்தார். மாமா அங்கே யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

அவருடைய விண்ணப்பத்துக்கு ஏன் பதில் வரவில்லை என்பதை நான் வேலைக்குச் சேர்ந்த சில மாதங்களிலேயே புரிந்துகொண்டேன். எந்த விதியின் கீழ் கேட்கிறார் என்று அவர் குறிப்பிடவில்லை. தங்கை கல்யாணம் என்று எழுதியிருப்பார். அதற்கு விதி கிடையாது. அவர் உயிரோடு இருந்தபோது நான் எழுதிய மனுக்களுக்கெல்லாம், உரியவரே விண்ணப்பிக்க வேண்டும் என்று வந்தது. நீங்களே கையெழுத்துப் போடுங்கள் என்று தோட்டத்துக்கு எழுதினேன். "கல்யாணம்தான் முடிஞ்சுபோச்சே," என்று ஒரு வரி வந்தது. இறந்த பிறகு எழுதினால், வாரிசு விண்ணப்பிக்க வேண்டும் என்றார்கள். இவற்றை நான் பதில் என்று சொல்ல மாட்டேன். மனு உயிரோடு இருக்கிறது என்பதற்கு ரசீது, அவ்வளவுதான்.

ஓய்வுபெற்றதும் எனக்கு வேறு வேலை இல்லாமல் போயிற்று. சித்தியை வாரிசாக்கி, இணைப்புகள் சேர்த்து, விதி எண்ணை முதல் வரியிலேயே எழுதி, அலுவலகம் எந்தத் துளையில் நழுவும் என்று பார்த்து ஒவ்வொன்றாக அடைத்து அனுப்பினேன். சித்தி ஒவ்வொரு தாளிலும் கையெழுத்துப் போட்டாள். எதற்கு என்று ஒருமுறையும் கேட்கவில்லை. முதல் மனுவுக்குப் பதில் வராதபோது போட்ட மேல்முறையீடும் அவள் பெயரில்தான் போயிற்று. பதிலை மட்டும் என் முகவரிக்குக் கேட்டிருந்தேன்.

இந்த ஆண்டு சாரல் தொடங்கிய பிறகு உறை வந்தது. மருத்துவத் தாள்கள் காலக்கெடு முடிந்து அழிக்கப்பட்டுவிட்டன என்று ஒரு பத்தி. அதன் கீழே, பணிப்பதிவில் உள்ள ஒரு வரியின் சான்றிட்ட நகல்: இரு கைகள், காதுகள், மூக்கு, உறைபனிக் காயம், காவல் பணியின்போது நேர்ந்தது, பணியே காரணம்.

பிரித்துப் படித்த மறுநாள் அச்சன்புதூருக்குப் போனேன். சித்தி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். சித்தப்பா, அதாவது அன்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை, எண்பதைத் தாண்டியவர், நாற்காலியில் இருந்தார். நான் அந்த வரியை இருவருக்கும் கேட்கும்படி படித்தேன். சித்தி கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை படிக்கச் சொன்னாள். படித்தேன்.

"இதுக்கா ஏட்டி இம்புட்டு வருசம் எழுதிக்கிட்டு கெடந்த?" என்றார் சித்தப்பா. அன்பாகத்தான் கேட்டார். "எனக்கு அப்பவே தெரியுமே."

"என்ன தெரியும்?" என்றாள் சித்தி.

"குளிருதான்னு. பாளையங்கோட்டையில எங்கூடப் படிச்சவனுக்கு அண்ணன் ஒருத்தன், பட்டாளத்துலேருந்து இதே மாதிரிதான் வந்தான். காது, மூக்கு எல்லாம் இதே மாதிரி. உங்க அண்ணனப் பாத்ததுமே தெரிஞ்சிட்டு."

"தெரிஞ்சா ஏன் சொல்லல?"

"எங்கப்பா முன்னாடி நான் எப்படிச் சொல்ல? அவுக முடிவு பண்ணிட்டுத்தான வந்தாவ."

"எனக்காவது சொல்லியிருக்கலாம்லா. பொறவாவது."

சித்தப்பா யோசித்தார். உண்மையிலேயே யோசித்தார். "நீ கேக்கலையே," என்றார்.

ஓட்டில் சாரல் விழுகிற சத்தம் கேட்டது. சித்தி என் கையிலிருந்த தாளை வாங்கினாள். எழுத்துகளின் மேல் விரலை ஓட்டினாள். அவளுக்கு இப்போது கண் அவ்வளவாகத் தெரிவதில்லை. பிறகு தாளை மடித்து, தன் தலையணைக்கு அடியில் வைத்தாள். சித்தப்பாவின் பக்கம் திரும்பவில்லை.

"இது என்னைக்குட்டி வந்துச்சு?" என்று என்னிடம் கேட்டாள்.

உறையின் மேல் நான் வழக்கம்போலக் குறித்து வைத்திருந்தேன். பெறப்பட்டது: ஆனி மாதம் இருபத்து நான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை. ஆவணிக்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது.